மனுவில் கையெழுத்திடுவது ரோமர் 13-க்கு விரோதமா?

கேள்வி: எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள். தாசில்தார் நடவடிக்கை எடுக்காததால், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கத் தீர்மானித்தோம். “அதிகாரம் தேவனால் நியமிக்கப்பட்டது, அதை எதிர்ப்பது பாவம்” என்று, வேதத்தில் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி ஒரு மூப்பர் சொன்னதும் பலர் பின்வாங்கிவிட்டார்கள். நான் கையெழுத்திடலாமா?

பதில்: தாராளமாகக் கையெழுத்திடுங்கள், அது பாவம் அல்ல.

“தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை” என்பதை ஆளுகிறவர்களுக்குத் தேவன் கொடுத்த நற்சான்றிதழாக உங்கள் மூப்பர் படித்திருக்கிறார். அப்போஸ்தலனாகிய பவுல் இதை எழுதியது நீரோவின் காலத்தில், இராயர்கள் என்னும் ரோமப் பேரரசர்களுக்குக் கோயில் கட்டி வணங்கிய பேரரசின் தலைநகரில் வாழ்ந்த விசுவாசிகளுக்கு. அங்கே அந்த வசனம், இராயனுடைய அதிகாரமும் இரவல்தான், கொடுத்தவருக்கு அவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்றே ஒலித்திருக்கும். 4ஆம் வசனம் ஆளுகிறவரை “தேவ ஊழியக்காரன்” என்கிறது. அதுவும் “உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு”. ஊழியக்காரனிடம் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பது எஜமானுக்கு விரோதமான கலகம் ஆகாது. முதல் இரண்டு வசனங்களோடு வேதத்தை மூடிவிடுகிறவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

பவுல் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அவரை அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், விடிந்ததும் சேவகர்களை அனுப்பி இரகசியமாய் விடுதலையாக்கப் பார்த்தார்கள். பவுல் நகரவில்லை, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அவர்களும் பயந்து, வந்து, வேண்டிக்கொண்டார்கள். ரோமருக்கு எழுதிய பின்பு, செசரியாவில் ரோம ஆளுநர் பெஸ்துவுக்கு முன்பாக இராயனுக்கு அபயமிட்டவரும் இவரே. இன்றைய பேச்சில் அது மேல்முறையீடு.

கீழ்ப்படிதலுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதைக் குழப்பிக்கொள்வதால் விரித்தே சொல்கிறேன். தேவன் விலக்கியதைச் செய்யும்படியோ, அவர் கட்டளையிட்டதை விட்டுவிடும்படியோ அரசு உத்தரவிட்டால் மட்டுமே அது பொருந்தும். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்தின் ராஜாவாகிய பார்வோனுக்கு மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் கீழ்ப்படியவில்லை. ஆனாலும் அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. ஜெபம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்த பின்பும் தானியேல் வழக்கம்போல ஜன்னலைத் திறந்துவைத்து ஜெபித்தார்; அதற்கான தண்டனைக்கு ஓடி ஒளியவும் இல்லை. உங்களை யாரும் பாவம் செய்யச் சொல்லவில்லையே. ஆகவே, பாதை திறக்கும்வரை வீட்டுவரி கட்டமாட்டோம் என்று எவராவது கிளம்பினால் சேர்ந்துவிடாதீர்கள். வரி செலுத்தச் சொல்வதும் இதே ரோமர் 13தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. “மேலிடத்தில் நமக்கு ஆள் இருக்கிறது, சபையின் வாக்குகள் இன்னாருக்கே என்று சொல்லுங்கள், பாதை தானாகத் திறக்கும்” என்று ஓர் இடைத்தரகர் நிச்சயம் வருவார். தேர்தல் நெருங்கினால், இன்னாரைத் தேவன் தெரிந்துகொண்டார் என்று தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவரும் வருவார். உன்னதமானவர் தமக்குச் சித்தமானவனுக்கு ராஜ்யத்தைக் கொடுக்கிறார் என்கிறது தானியேல் 4ஆம் அதிகாரம். அதற்கு முகவர் எவரையும் அது நியமிக்கவில்லை. அரண்மனைமேல் உலாவிப் பெருமைபேசிய பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் மாடுகளைப்போல் புல்லை மேய்ந்ததும் அதே அதிகாரத்தில்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், வாக்குறுதியும் கொடுக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு ரோமர் 13-ஐத் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டதை, அந்நாட்டு இறையியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் வெளிப்படையாகக் கண்டித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்பும் நம் மூப்பர்களுக்கு இந்தப் பகுதியை முழுவதுமாகக் கற்றுத்தர ஒரு நாள் வகுப்புக்கூட நடப்பதில்லை. இதுபற்றி நான் எழுதிய கடிதங்கள் கமிட்டியிலிருந்து கமிட்டிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்குள் உங்களைப் போன்றவர்கள் குற்றமனசாட்சியோடு பேனாவைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மனுவை மரியாதையான சொற்களில் எழுதுங்கள். தாசில்தாரைப் பழித்து ஒரு வார்த்தையும் வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் அவருக்காகவும் ஆட்சியருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி 1 தீமோத்தேயு 2 சொல்கிறது. திங்கட்கிழமை மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.