சீனப் பள்ளி மாணவர்கள் போலக் கோடிட்ட இடங்களை நிரப்பிப் பழகினால் ஆங்கில இலக்கணம் வந்துவிடுமா?

வரும், ஓரளவுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன்.

கணவரின் டைல்ஸ் வியாபாரத்துக்காகச் சீனாவின் ஃபோஷான் நகரில் நான்கு வருடம் இருந்தோம். எதிர்வீட்டுப் பையன் அப்போது நம் கணக்கில் பிளஸ் ஒன். அவன் எனக்குச் சீனம் சொல்லித்தர வேண்டும், நான் அவனுக்கு ஆங்கிலம் பார்த்துக்கொடுக்க வேண்டும், இதுதான் அவன் அம்மாவோடு பேச்சு. என்னை 'ஆயி' என்று கூப்பிடுவான். அங்கே அது அத்தை, சித்தி வயதுப் பெண்களுக்கான சொல். எங்கள் ஊரில் ஆயி என்றால் பாட்டி. பழகக் கொஞ்ச நாள் ஆனது.

அவர்களின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். அதில் 15 இந்தப் பகுதிக்கு. சுமார் 200 சொல் உள்ள ஒரு பத்தி, பத்து இடங்கள், இடத்துக்கு ஒன்றரை. பெரும்பாலும் ஏழு இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும், அதன் வடிவத்தை மாற்றி எழுத வேண்டும். மீதி மூன்றில் ஒன்றுமே இருக்காது. எழுத்துப் பிழை வந்தால் அந்த ஒன்றரையும் போச்சு. ஃபோஷான் இருக்கும் குவாங்டொங் மாகாணத்தில் 2007லேயே இது வந்துவிட்டது. அதற்கு முன்பு நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், குருட்டாம்போக்கில் அடித்தாலும் கால்வாசி விழும். இங்கே அது நடக்காது. இந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பையன் ஒரு நாளைக்கு மூன்று பத்தி போடுவான். 'ஷுவா தீ' என்பார்கள், கேள்விகளைத் தேய் தேய் என்று தேய்ப்பது. விடைத்தாளைப் பார்த்துச் சிவப்பு மையில் திருத்துவான், தப்புகளுக்கென்று வைத்திருக்கும் நோட்டில் அழகாக ஏற்றுவான். அடுத்த வாரம் அதே தப்பு வரும்.

ஒருநாள் ஒரு வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டோம். 'ஷீ வென்ட் அவுட், ____ (லீவ்) த டோர் ஓபன்.' அவன் 'லெஃப்ட்' என்று எழுதியிருந்தான். விடை 'லீவிங்'. ஏன் என்று கேட்டேன். "விடைத்தாளில் அப்படித்தான் இருக்கிறது, ஆயி."

அவனைக் குறை சொல்ல முடியாது. சீனத்தில் வினைச்சொல் உருமாறாது. போ, வாங்கு, சாப்பிடு என்று அப்படியே வரிசையாக அடுக்கிவிடலாம், எது தலை எது வால் என்று சொல்லில் தெரியாது. நமக்கு அப்படியில்லை. 'கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனாள்' என்கிறோம். போனாள் முற்று, வைத்துவிட்டு எச்சம். எட்டாம் வகுப்பில் வேண்டாவெறுப்பாகப் படித்த முற்றும் எச்சமும் ஃபோஷானில் வந்து உதவும் என்று யார் நினைத்தார்கள்! அதை வைத்தே அவனுக்குச் சொன்னேன்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்று. அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடு. இருந்தால், இணைப்புச் சொல்லும் இல்லாவிட்டால், கோட்டில் வருவது எச்சம்தான். இதே வாக்கியத்தில் காற்புள்ளியை எடுத்துவிட்டு 'அண்ட்' போட்டுப் பார், உன் 'லெஃப்ட்' சரியாகிவிடும்.

அவன் ஆசிரியரும் இதையேதான் வேறு பெயரில் சொல்லியிருக்கிறார். ஐம்பது பேர் வகுப்பில் காதில் ஏறவில்லை போல.

அப்புறம் நோட்டை மாற்றினோம். சரியான விடையை எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் அது விடை என்று ஒரு வரி, தன் விடை சரியாக வேண்டுமானால் வாக்கியத்தில் எதை மாற்ற வேண்டும் என்று இன்னொரு வரி. ஒரு நாளைக்கு ஒரு பத்திதான். அவன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று பத்தி ஒன்றானால் யாருக்குத்தான் பிடிக்கும்?

'ஹூ', 'விச்' மாதிரி இணைப்புகள் வரும் இடத்தில் மட்டும் நானும் அவனும் ஒரே கட்சி. 'நேற்று வந்த பையன்' என்று விவரத்தை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் வைப்பது சீனத்துக்கும் தமிழுக்கும் பொது. ஆங்கிலத்தில் தலைகீழ். 'ஏ', 'ஆன்', 'த' மூன்றும் இரண்டு மொழியிலும் கிடையாது. அதற்கு விதியை விட வாய்விட்டுப் படிப்பதுதான் உதவியது. 'ஆன் ஹவர்', 'ஏ யூனிவர்சிட்டி' எல்லாம் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும், காதுக்குத் தெரியாது.

பேச்சு வருமா என்று கேட்காதீர்கள். கடைசி மாதங்களில் பத்துக்கு ஒன்பது சரியாக எழுதிப் பதின்மூன்றரை வாங்கிக்கொண்டிருந்தவன், வாயைத் திறந்தால் தன் அம்மாவை 'ஹீ' என்பான். சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலி, 'தா'. எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, பேசும்போது இல்லை. அதற்குப் பேசித்தான் பழக வேண்டும்.

2023 ஜூன் 8, மதியம் மூன்று முதல் ஐந்து வரை அவனுக்கு ஆங்கிலத் தேர்வு. முந்தைய வருடம் இந்தப் பகுதியில் பாண்டா தேசியப் பூங்கா வந்திருந்தது, அந்த வருடம் சியாவ்லொங்பாவ், உள்ளே சூடான சூப் வைத்த கொழுக்கட்டை. சாயங்காலம் செய்தி அனுப்பினான்: "முற்றெல்லாம் கண்டுபிடித்துவிட்டேன் ஆயி. ஆனால் பாதியிலேயே பசி எடுத்துவிட்டது."