பால் குடிக்கும்போது புரையேறினால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் செவிலியராகவும் பாலூட்டல் ஆலோசகராகவும் பணிபுரிகிறேன். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தால் முதலில் அவசர மருத்துவ எண்ணை அழையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கேள்வி: சிஸ்டர், என் மகள் பிறந்து 11 நாள் ஆகிறது. நேற்று இரவு பால் குடிக்கும்போது திடீரென்று இருமினாள். முகம் சிவந்து, மூக்கு வழியாகவும் பால் வந்துவிட்டது. சற்று நேரத்தில் வீறிட்டு அழுதாள், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் குடித்தாள். எனக்குத்தான் கை கால் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

பதில்: நீங்கள் சொன்னதிலேயே மூன்று நல்ல செய்திகள் இருக்கின்றன அம்மா. இருமினாள், முகம் சிவந்தது, அழுதாள். காற்று போய்வந்தால்தான் இருமவும் அழவும் முடியும். தவறான பாதையில் இறங்கப் பார்த்த பாலை அவள் தொண்டையே வெளியே தள்ளியிருக்கிறது. மூக்கில் பால் வந்ததைக் கண்டு பயப்பட வேண்டாம். மூக்கும் வாயும் தொண்டையின் பின்பக்கத்தில் ஒன்றாகச் சேர்கின்றன, அதனால் வேகமாக வெளியேறும் பால் எந்த வழியாகவும் வரும்.

அடுத்த முறை இப்படி நடந்தால் மார்பிலிருந்து விலக்கி, தலையையும் கழுத்தையும் தாங்கி, நிமிர்த்திச் சற்று முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். பலமாக இருமிக்கொண்டிருக்கும் வரை முதுகில் தட்ட வேண்டாம், அவளே இருமித் தீர்க்கட்டும். மூச்சு சீரானதும் அவள் வாய் மார்பைத் தேடினால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் எப்போதுதான் பயப்பட வேண்டும்? என் மனைவி வேலைக்குத் திரும்பும்போது குழந்தையோடு நான் தனியாக இருப்பேன். அதனால் கேட்கிறேன்.

பதில்: சத்தம் நின்றுபோனால். வாய் திறந்திருந்தும் அழுகை வராமல், இருமல் வலுவிழந்து, உதடும் நாக்கும் நீலம் பாரித்தால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். உதவிக்குக் குரல் கொடுங்கள், தொலைபேசியில் அவசர எண்ணை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கைகளை விடுவித்துக்கொள்ளுங்கள்.

குழந்தையை உங்கள் முன்கையின் மேல் குப்புறப் படுக்க வைத்து, முன்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். தலை நெஞ்சைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தாடையை விரல்களால் தாங்குங்கள், தொண்டையை அழுத்திவிடாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் 5 முறை அடியுங்கள். பிஞ்சு உடம்பு என்று தடவிக் கொடுத்தால் பயன் இல்லை, அடி அடியாகவே இருக்க வேண்டும். அடைப்பு விலகாவிட்டால், தலையைத் தாங்கியபடி மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில், முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே 5 முறை அழுத்துங்கள். முன்பு இதை இரண்டு விரல்களால் செய்யக் கற்றுக்கொடுத்தோம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2025 வழிகாட்டுதல் ஒரு கையின் அடிப்பகுதியைப் பயன்படுத்தச் சொல்கிறது. அழும் வரை இந்த ஐந்தையும் அந்த ஐந்தையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

குழந்தை துவண்டு நினைவிழந்தால் கெட்டியான தளத்தில் கிடத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில், சுமார் 4 செ.மீ. ஆழத்துக்கு 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை மூச்சு ஊத வேண்டும். உதவி வரும் வரை இதைத் தொடருங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, கல்லீரல் காயப்படும். கண்ணுக்குத் தெரியாத எதையும் விரல் விட்டுத் துழாவவும் கூடாது.

எழுத்தில் படிப்பது போதாது தம்பி. பொம்மையை வைத்துச் சொல்லித்தரும் முதலுதவிப் பயிற்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள். எவ்வளவு பலமாக அடிப்பது என்பது கைக்குத்தான் புரியும்.

கேள்வி: காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினால் போதும் என்கிறார் என் மாமியார்.

பதில்: வேண்டாம். உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியலாம், கை நழுவவும் கூடும். தலையைத் தாழ்த்த வேண்டும் என்ற அளவில் அவர் சொல்வது சரிதான். மேலே சொன்ன முறையை அவருக்கும் செய்து காட்டுங்கள், குழந்தை அவர் மடியிலும்தானே இருக்கப்போகிறது.

கேள்வி: மூன்று வாரக் குழந்தை. ஒவ்வொரு முறையும் குடிக்கத் தொடங்கி ஓரிரு நிமிடத்தில் திணறி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். அவன் விலகியதும் பால் பீய்ச்சி அடிக்கிறது. ஏதாவது குறையா?

பதில்: குறை இல்லை, வேகம்தான் அதிகம். குழந்தை சப்பத் தொடங்கியதும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, மார்பில் சேர்ந்திருக்கும் பாலை ஒரேயடியாக வெளியே தள்ளும். சப்பு, விழுங்கு, மூச்சு என்று தாளம் பழகிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த முதல் பாய்ச்சலில் மூச்சு விட இடமே கிடைப்பதில்லை. கொஞ்சம் கவனித்தால் அது வருவது முன்கூட்டியே தெரியும்: மார்பில் ஒரு குறுகுறுப்பு, மறு மார்பிலும் சொட்டு விழும், குழந்தையின் மிடறு சத்தம் சட்டென்று வேகமெடுக்கும். அந்த நொடியில் குழந்தையை விலக்கி, பாய்ச்சலை ஒரு துணியில் வாங்கிக்கொண்டு, சொட்டாகக் குறைந்ததும் மீண்டும் கொடுங்கள்.

அதைவிடச் சுலபமான வழி, நீங்கள் பின்னால் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து, குழந்தையை உங்கள் நெஞ்சின்மேல் கவிழ்த்துப் போட்டுக் கொடுப்பது. பால் மேல்நோக்கி வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும், அதிகமானது வாயோரம் வழிந்துவிடும். கனம் தாங்காமல் பம்பு வைத்து மார்பைக் காலியாக்கும் வழக்கம் இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். எடுக்க எடுக்கச் சுரப்பும் கூடும். பெரும்பாலும் சில வாரங்களில் குழந்தையும் தேறிவிடும், சுரப்பும் தேவைக்கேற்ப அடங்கிவிடும்.

கேள்வி: மார்பு மூக்கை அழுத்திவிடுமோ என்று விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே கொடுக்கிறேன். சரியா?

பதில்: விரலை எடுத்துவிட்டு, குழந்தையின் பிட்டத்தை உங்களை நோக்கி இழுத்து அணைத்துக்கொள்ளுங்கள். தலை தானாகப் பின்சாய்ந்து, முகவாய் மார்பில் பதிந்து, மூக்கு விடுபடும். தலையின் பின்புறத்தைப் பிடித்து அழுத்தாதீர்கள். முகவாய் நெஞ்சில் முட்டியபடி நம்மாலும் தண்ணீர் குடிக்க முடியாது.

கேள்வி: மல்லாந்து தூங்கும்போது பாலைக் கக்கினால் புரையேறாதா? ஒருக்களித்துப் படுக்க வைக்கிறேன்.

பதில்: மல்லாந்தே படுக்கட்டும். அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். ஒருக்களித்த குழந்தை எளிதில் குப்புறப் புரண்டுவிடும், திடீர் மரண ஆபத்து அங்கேதான் அதிகம். பால் கொடுத்தபின் 15, 20 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்தால் கக்குவதும் குறையலாம்.

கேள்வி: குறைமாதத்தில் பிறந்தவள். முழுமாதக் குழந்தைகளைவிட அடிக்கடி திணறுகிறாள்.

பதில்: சப்பி, விழுங்கி, மூச்சு விடும் ஒருங்கிணைப்பு கருவின் 34-ஆவது வாரத்தை ஒட்டித்தான் கைகூடத் தொடங்குகிறது. ஆகவே அவளுக்கு இடைவெளியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சில மிடறுகளுக்கு ஒருமுறை நிறுத்தி, மூச்சு வாங்கியதைப் பார்த்துத் தொடருங்கள். புருவம் சுருங்குவது, விரல்கள் விரிந்து விறைப்பது, நாசித்துவாரங்கள் விடைப்பது எல்லாம் "போதும், பொறு" என்று அவள் சொல்வது. உங்கள் மருத்துவருக்கும் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு மாதக் குழந்தை. சில நொடிகள் உதடு நீலமாகித் துவண்டு, தானே சரியாகிவிட்டான். இப்போது விளையாடுகிறான். மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பதில்: இன்றே, இப்போதே. இப்படி வந்து மறையும் நிகழ்வுகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் தந்த வழிகாட்டுதலில், குறைந்த ஆபத்து என்று கருதவே குழந்தைக்கு 60 நாளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகன் அந்த வயதை எட்டவில்லை. முதுகில் அடித்தோ நெஞ்சை அழுத்தியோ மீட்ட குழந்தையையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

திணறல் ஒவ்வொரு வேளையும் தொடர்ந்தாலோ, குடித்தபின் குரல் நீருக்குள் இருந்து வருவதுபோல் கரகரத்தாலோ, பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, எடை ஏறாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். மேலண்ணப் பிளவு, குரல்வளை மென்மை, இதயக் கோளாறு, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே தவறான இணைப்பு போன்றவை இப்படித்தான் முதலில் முகம் காட்டும்.

கேள்வி: புரையேறியதும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. திணறும் தொண்டையில் எதையும் ஊற்றாதீர்கள். ஆறு மாதம் வரை தண்ணீரே தேவையில்லை.

கேள்வி: பயந்துபோய்ப் புட்டிக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: புட்டியிலும் புரையேறும். சப்பாவிட்டாலும் சொட்டிக்கொண்டே இருப்பதால், சில குழந்தைகளுக்கு அதுதான் கடினம். வேறு காரணத்துக்காகப் புட்டி தேவைப்பட்டால், பால் மெதுவாக வரும் காம்பைத் தேர்ந்தெடுங்கள். குழந்தையை நிமிர்த்தி அமர்த்தி, புட்டியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். அடிக்கடி தாழ்த்தி ஓய்வு கொடுங்கள். புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போவது மட்டும் ஒருநாளும் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்குப் புரையேறிய நாளிலிருந்து இரவெல்லாம் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே நின்று நின்று வருகிறது.

பதில்: பச்சிளம் குழந்தைகள் தூக்கத்தில் வேகமாக மூச்சு விட்டு, 10 நொடிக்குள் ஓர் இடைவெளி விட்டு, மறுபடி தொடங்குவது இயல்பு. இடைவெளி 20 நொடியைத் தொட்டாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறினாலோ, உடல் துவண்டாலோ அவசர எண்ணை அழையுங்கள். வேகத்தை அளக்க, அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுமுறை எண்ணிப் பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, பயம் குறையவில்லை என்றால், இரவில் ஒரு பகுதி விழித்திருக்கும் பொறுப்பை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் பயத்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.