நீல பாக்டீரியாவும் உங்கள் மகளின் பிளஸ் டூவும்

வணக்கம் அம்மா,

"நீட் வேண்டாமாம், பாக்டீரியாவுக்குக் கலர் அடிக்கிற படிப்புதான் வேண்டுமாம். இதுக்கெல்லாம் யார் சார் வேலை கொடுப்பாங்க?" என்று கேட்டிருந்தீர்கள். கலர் அடிப்பதில்லை அம்மா, பாக்டீரியாவே கலரைத் தயாரிக்கிறது. பிள்ளை அதில் மயங்கியது நியாயம்தான்.

ஐரோப்பியக் கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் ஆக்டினியா ஈக்வினா என்ற கடல் சாமந்தி பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். ஆனால் அதன் மரபணு ஒன்றை ஈ. கோலை பாக்டீரியாவில் வைத்தால், வளர்ப்புத் தட்டில் புள்ளிபுள்ளியாக முளைக்கும் பாக்டீரியாக் கூட்டங்கள் நீலமாகின்றன. அனிமோனியா சல்காட்டா என்ற இன்னொரு கடல் சாமந்தி தந்தது ரோஜா நிறம். சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. புரதத்துக்குள் அடுத்தடுத்து இருக்கும் 3 அமினோ அமிலங்கள் ஆக்சிஜன் துணையோடு தாமாகவே பிணைந்து நிறமாகின்றன. ஜெல்லிமீனின் பச்சைப் புரதம் ஒளிர்வதைப் பார்க்கத் தனி விளக்கு வேண்டும். கடல் சாமந்தியின் இந்த நிறப் புரதங்கள் பகல் வெளிச்சத்திலேயே கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் செயற்கை உயிரியலில், அதாவது உயிரிகளின் மரபணுவை மாற்றி நமக்கு வேண்டிய வேலையைச் செய்ய வைக்கும் துறையில், வைத்த மரபணு வேலை செய்கிறதா என்று காட்டும் அடையாளமாக இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஐஜெம் என்ற சர்வதேச மாணவர் போட்டியில் இந்த நிறங்களுக்கு மவுசு அதிகம். ஐஐடி மெட்ராஸ் மாணவர்களும் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் மகள் பார்த்த படங்களில் வராத விஷயத்துக்கு வருகிறேன். நிறம் செய்வது பாக்டீரியாவுக்குப் பெரிய சுமை. மரபணு மாறி நிறத்தைக் கைவிட்டவை சுமையில்லாமல் வேகமாகப் பெருகி மற்றவற்றை முந்திவிடும். ஆசையாக வந்து பார்த்தால் தட்டெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்! அப்போது 'ஏன் இப்படி ஆச்சு?' என்று நோட்டைத் திறக்கிற பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவரும். நிறம் மட்டுமே பிடிக்கும் என்றால் டிசைன் படிக்கட்டும். கிண்டலாகச் சொல்லவில்லை.

வேலை விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். வெறும் பி.எஸ்சி. பயோடெக்னாலஜியோடு நிறுத்தினால் இந்தத் துறைக்குள் நுழைவது கஷ்டம். எம்.எஸ்சி.யாவது வேண்டும், ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. அதன் பிறகும் உத்தரவாதம் இல்லை. மேலே சொன்ன ஜெல்லிமீன் பச்சைப் புரதத்தின் மரபணுவை முதலில் பிரித்தெடுத்து 1992-ல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். நிதி கிடைக்காமல் மரபணுவை மற்றவர்களுக்குக் கொடுத்தார். 2008-ல் அந்தப் புரதத்துக்காக மூவர் நோபல் வாங்கியபோது, அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பிற்பாடு அந்த மூவரில் ஒருவரான ரோஜர் சியனின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போதைக்கு நீட்டை விட வேண்டாம். கூடவே ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வையும் எழுதட்டும். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் உண்டு. அந்தத் தேர்வில் கணக்கும் வரும், அதை ஒதுக்கக் கூடாது. உள்ளூர்க் கல்லூரிதான் என்றால் சேரும் முன் ஆய்வகத்தைப் பாருங்கள். டி.என்.ஏ.வைப் பல பிரதிகள் எடுக்கும் பி.சி.ஆர். மெஷினை மாணவர்கள் தொடுகிறார்களா, இல்லை பூட்டிய அறையில் இருக்கிறதா? இதை அங்கே படிக்கிற சீனியரிடம் கேளுங்கள், வரவேற்பறையில் கேட்காதீர்கள். பி.எஸ்சி.க்கு அப்புறம் எம்.எஸ்சி.க்கு ஐஐடி ஜாம் தேர்வு இருக்கிறது.

இன்னொன்று. ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே நீல பாக்டீரியா வளர்க்கிறேன் என்பாள். விடாதீர்கள். மரபணு மாற்றிய உயிரிகளை அனுமதி பெற்ற ஆய்வகத்தில்தான் கையாளலாம். இப்போதைக்குத் தயிரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கட்டும், அதிலேயே பாக்டீரியா நிறைய இருக்கிறது.