காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்

ரங்கூனுக்கு அடுத்த தன்லினிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "11 வயது மகனுக்கு டெங்கு. இன்று ஐந்தாம் நாள். நேற்றிரவு காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. பிளேட்லெட் 92,000. ஏற்ற வேண்டுமா, பப்பாளி இலைச்சாறு போதுமா? தங்கைக்கும் இன்று உடம்பு சுடுகிறது."

அம்மா, கடிதத்தைப் படித்ததுமே பையனை மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். சேர்த்துவிட்டீர்கள் என்று அறிந்து நிம்மதி. ஏன் அப்படி விரட்டினேன் என்று இப்போது சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் உறுத்தியது வேறு வரி. ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு; சில ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இருக்கும். இரண்டாம் நாள் 37, ஐந்தாம் நாள் 44.

பர்மியர்கள் டெங்குவைச் சொல்லும் பெயரிலேயே 'துவே', அதாவது ரத்தம், இருக்கிறது. அதனால் எல்லோரும் ரத்தக்கசிவுக்கே அஞ்சுகிறார்கள். குழந்தைகளை அதைவிட அதிகமாகச் சாய்ப்பது நீர்க்கசிவு. ரத்தக்குழாய்ச் சுவர் இளகி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சிலும் இறங்கிவிடும். கஞ்சியை வடித்தால் பானையில் சோறு மட்டும் நிற்பதுபோலச் சிவப்பணுக்கள் மட்டும் குழாயில் தங்கி, ரத்தம் கெட்டியாகும். 37 என்பது 44 ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். 20 சதவீதத்தை எட்டினால் கசிவு கணிசமானது என்று எடுத்துக்கொள்வோம். இது நடப்பது பெரும்பாலும் மூன்று முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில். "விட்டுவிட்டது" என்று வீடே மூச்சுவிடும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் வெள்ளையணு 2,800 என்று இருப்பது டெங்குவில் வழக்கமானதுதான். பிளேட்லெட்டுக்கு முன்பே அது இறங்கும், தேறும்போதும் முதலில் அதுவே ஏறும். எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதி கூடியிருப்பது கல்லீரலையும் நோய் தொட்டிருப்பதைக் காட்டுகிறது; ஆயிரத்தைத் தொடாதவரை கவலை குறைவு.

92,000-க்குப் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. இதைவிடக் குறைந்தாலும், ரத்தப்போக்கு இல்லாவிட்டால் பொதுவாக ஏற்றுவதில்லை. பப்பாளிச் சாறு நீர்க்கசிவை அடைக்காது. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அந்தக் கசப்பைப் புகட்டுவது எனக்குச் சம்மதமில்லை. கசிவு நின்றதும் டாக்டர் டிரிப்பைக் குறைப்பார். வெளியேறிய நீர் திரும்பி வரும் நேரம் அது. இன்னொரு பாட்டில் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், மூச்சுத்திணறல் வந்துவிடும்.

தங்கைக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபன், காய்ச்சல் ஊசி எதுவும் வேண்டாம். டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். முக்கியமாக, அவளுக்கு இன்றே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, ஹீமட்டோகிரிட் எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். இன்றைய எண் கையில் இருந்தால்தான் நான்காம் நாள் அது ஏறியிருக்கிறதா என்று டாக்டர் ஒப்பிட முடியும்.