170 டிகிரிக் காற்றில் நெல்லிக்காய்ச் சத்து மிஞ்சுமா?

கேள்வி: நத்தம் பக்கம் நெல்லித் தோப்பு வைத்திருக்கிறோம், கொஞ்சம் மஞ்சளும் உண்டு. சாற்றைச் சூடான காற்றில் துளிகளாகத் தெளித்து உலர்த்தும் ஸ்பிரே டிரையரில் பொடியாக்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். 170 டிகிரிக் காற்றாமே, ஆன்டிஆக்ஸிடன்ட் எரிந்துவிடாதா?

பதில்: எரியாது. 170 என்பது உள்ளே போகும் காற்றின் சூடு, சாற்றின் சூடு அல்ல. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறதல்லவா, அதுபோல நீர் ஆவியாகும்வரை துளியும் அவ்வளவாகச் சூடேறாது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். வெளியே வரும் காற்று எத்தனை டிகிரி என்று கேளுங்கள். 80, 90க்குள் இருந்தால் சரி. வைட்டமின் சி கொஞ்சம் போகும், துவர்ப்புத் தரும் டானின்கள் பெரும்பாலும் தங்கும்.

எனக்குப் பயம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடிதான். சாற்றை அப்படியே தெளித்தால் அதிலுள்ள சர்க்கரை இளகி டிரையர் சுவரில் பாகாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மால்டோடெக்ஸ்ட்ரினோ அரபிக் கோந்தோ சேர்த்தே ஆகவேண்டும். சத்தைச் சுற்றி உறையாக நிற்பதும் அதுதான். ஆனால் கூலியைப் பொடியின் கிலோவுக்குப் பேசினால், மாவு கூடக் கூட தரகருக்குக் கொண்டாட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாற்றில் கரைந்த திடப்பொருளைச் சதவீதமாகக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் 100 கிலோ சாறு 10 காட்டினால், அதில் திடப்பொருள் சுமார் 10 கிலோ. சம எடை மாவு சேர்த்தால், சேதாரம் போக 20 கிலோவைத் தாண்டாது. 40 கிலோ கையில் கொடுத்தால் முக்கால் பங்கு மாவு! கூலியைச் சாற்றின் லிட்டருக்குப் பேசுங்கள். '100% நெல்லி' என்று லேபிள் அடிக்கச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து '90% ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று ஒரு டிபிபிஹெச் (ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கும் சாயச் சோதனை) அறிக்கையை நீட்டுவார். அது சோதனைச் சாயம் எவ்வளவு வெளுத்தது என்ற கணக்கு மட்டும்தான். பொடியைக் கூடக் கரைத்தால் எண்ணும் ஏறும். எவ்வளவு கரைத்தார்கள் என்றே எழுதாமல் கையெழுத்துப் போட்டுத் தருகிற லேப்கள் இருக்கின்றன, கேட்பாரில்லை. 100 கிராம் பொடியில் மொத்த பாலிஃபீனால் (டானின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துகள்) எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு வாங்குங்கள்.

பொடி வந்த அன்றே அலுமினிய உறையில் சீல் வைத்துவிடுங்கள்.

மஞ்சளுக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் நீரில் கரையாது. தூளை நீரில் கலக்கித் தெளித்தால் நாசில் (தெளிக்கும் மூக்கு) அடைக்கும், அடைக்காவிட்டாலும் கிடைப்பது பழைய மஞ்சள்தூள்தான். எண்ணெயில் கரைத்து, கோந்து நீரோடு ஹோமோஜினைசரில் (எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரோடு கலக்கும் மிஷின்) பால்மமாக்கிய பிறகே தெளிக்கவேண்டும். "இரண்டையும் ஒரே மிஷினில் ஓட்டிடலாம்" என்று தரகர் சொன்னால், ஹோமோஜினைசர் எங்கே என்று கேளுங்கள்.