மரணச் சான்றிதழில் ‘சிகரெட்’ என்று யாரும் எழுதுவதில்லை

சிகரெட் பற்றி வந்த கேள்விகள் குவிந்துவிட்டன. முக்கால்வாசிப் பேர் நுரையீரல் புற்றுநோயைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தப்பில்லை, ஆனால் பினாங்கில் இத்தனை வருடம் கிளினிக் நடத்தியதில் நான் பார்த்தது வேறு. மாரடைப்பில் போனார், பக்கவாதத்தில் போனார், இனிப்புநீரில் (நீரிழிவு நோயில்) காலை எடுத்து அதோடு போனார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சட்டைப் பையில் கிடந்த பெட்டியை யாரும் சொல்ல மாட்டார்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

தினமும் 20 பிடித்தவன், இப்போது மூன்றுதான். காலையில் ஒன்று, மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு ஒன்று, படுக்கும் முன் ஒன்று. இனிப் பயமில்லைதானே? (பட்டர்வொர்த், லாரி ஓட்டுநர், 46)

இருபதை மூன்றாக்கியது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் கணக்கு தப்பு. 20 மூன்றானால் ஆபத்தும் அதே அளவுக்கு இறங்கிவிடும் என்று நினைக்கிறீர்கள். புற்றுநோய்க்கு அது ஓரளவு பொருந்தும். அதிலும் எத்தனை சிகரெட் என்பதைவிட எத்தனை வருடம் என்பதுதான் பெரிய விஷயம். இதயத்துக்கு இந்தக் கணக்கே செல்லாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. 20 பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்டப் பாதி, நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடிவிடுகிறது என்று அதில் வந்தது. காரணம் இதுதான்: கொஞ்சம் புகை போனாலே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகிவிடும், ரத்தக் குழாயின் உள்சுவர் புண்ணாகும், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரம் பார்த்து நிகோடின் இதயத்தை வேகமாக ஓடச் சொல்லும். இதற்கெல்லாம் 20 சிகரெட் தேவையே இல்லை. ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவர் நீங்கள், நெஞ்சுவலி நெடுஞ்சாலையில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூன்று வரை வந்துவிட்டீர்கள், அங்கேயே கடை போட்டு உட்காராதீர்கள்.

என் தாத்தா தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து சுருட்டு பிடித்தார். 88 வயது வரை கல்லு மாதிரி இருந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (பிறை, 34)

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா இருக்கிறார். 88 வரை இருந்த தாத்தாவைப் பற்றிப் பேசுவோம், அவரோடு ஒரே லயத்தில் இருந்து 52 வயதில் இருமி இருமிப் போனவரைப் பற்றிப் பேச மாட்டோம், ஏனென்றால் அவருக்குக் கதை சொல்லப் பேரன் பிறக்கவே இல்லை.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் 1951ல் டாக்டர்களிடமே அவர்களுடைய புகைப் பழக்கத்தைக் கேட்டு எழுதி வாங்கினார்கள். ஆண் டாக்டர்கள் மட்டும் 34,000 பேருக்கு மேல். யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று 50 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், விடாமல் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே போனார்கள். விடாமல் பிடிப்பவர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவரை அந்தப் பழக்கமே கொல்கிறது. அப்படியென்றால் மற்றவர் தப்பிக்கிறார், அவர்தான் உங்கள் தாத்தா. நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் என்னிடம் இல்லை.

இன்னொன்று, சுருட்டுக்காரர்கள் பலர் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயிலேயே வைத்து ஊதிவிடுவார்கள். நுரையீரல் கொஞ்சம் தப்பும். வாய், தொண்டை, உணவுக்குழாய் தப்பாது. முனியாண்டிக்குப் படைக்கிற சுருட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவருக்கு ஒன்றும் ஆகாது.

எக்ஸ்ரே எடுத்தேன், நுரையீரல் சுத்தம் என்றார்கள். அப்படியென்றால் தொடரலாமா? (ஜெலுத்தோங், 51)

கூடாது. எக்ஸ்ரேயில் சின்னக் கட்டி தெரியாமல் போகலாம், இதயக் குழாய் அடைப்பு தெரியவே தெரியாது. அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2011ல் வந்தது. அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர் சிடி ஸ்கேன் எடுத்ததில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. எக்ஸ்ரே எதைக் கோட்டை விடுகிறது என்று இதிலேயே தெரிகிறது. உங்கள் வயதுக்கும் பழக்கத்துக்கும் அந்த ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலை ஏறுவேன். போன வருடம் பாதியில் நான்கு தடவை உட்கார்ந்தேன், இந்த வருடம் பாதி கூட முடியவில்லை. வயசாகிவிட்டதா? 30 வருடமாகச் சிகரெட் உண்டு. (ஆயர் ஈத்தாம், 57)

ஐந்நூற்றுச் சொச்சம் படி, யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் 57 ஒரு வயசா? என்னுடைய சந்தேகம் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கி, காற்றுப் பைகள் நைந்துபோகும் நோய். பழைய ரப்பர் பலூனை நினைத்துக்கொள்ளுங்கள், காற்று உள்ளே போகும், ஆனால் தானாகச் சுருங்கி வெளியே தள்ளும் சக்தி போய்விட்டிருக்கும். பழைய காற்று வெளியேறாமல் புதுக் காற்றுக்கு இடமேது? அதனால்தான் இந்த நோயாளிகள் விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து ஊதுவார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. உங்களை அறியாமல் நீங்களும் படியில் அப்படி ஊதினீர்களா என்று மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நோயால் இறக்கும் ஆபத்து புகைப்பவர்களுக்குப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் திடீரென்று வருவதில்லை. முப்பது வயதுக்கு மேல் எல்லாருக்குமே மூச்சுத் திறன் வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறையும். புகை ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு அது இரண்டு மடங்கு வேகத்தில் குறையும். முதலில் ஓட முடியாது, அப்புறம் படி ஏற முடியாது, அப்புறம் பசாருக்கு நடக்க முடியாது, கடைசியில் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் மூச்சு முட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ‘வயசாகிவிட்டது’ என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். போன திறன் திரும்பி வராது, அதை மறைக்க விரும்பவில்லை. இன்றைக்கு நிறுத்தினால் குறைகிற வேகம் மற்றவர்களுடைய வேகத்துக்கு இறங்கிவிடும். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, ஸ்பைரோமெட்ரி என்பார்கள். அடுத்த தைப்பூசம் வரை காத்திருக்காமல் அதைச் செய்யுங்கள், இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிபி மருந்து சாப்பிடுகிறேன், இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது. ஒன்றிரண்டு பிடிக்கலாமா? (புக்கிட் மெர்தாஜம், 29)

தம்பி, வேண்டவே வேண்டாம். சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து கஜலட்சுமி என்ற மருத்துவரின் குழு 2003ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நகரத்தில் புகைத்தவர்கள் டிபியால் இறக்கும் ஆபத்து, புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். நம் மாதிரி உடம்பு, நம் மாதிரி சாப்பாடு உள்ளவர்கள் அவர்கள், வெள்ளைக்காரன் கணக்கு என்று ஒதுக்க முடியாது. மூச்சுக்குழாயைக் கூட்டிப் பெருக்கும் மெல்லிய மயிரிழைகளைப் புகை முடக்கிவிடும், கிருமியை விழுங்கும் அணுக்களும் சோர்ந்துவிடும். இருமல் நின்றது மருந்தின் புண்ணியம், கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாத மருந்தை ஒரு நாள் விடாமல் முடியுங்கள்.

கணவருக்கு இனிப்புநீர். கால் கட்டைவிரலில் புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. சிகரெட்டை மட்டும் விட மாட்டேன் என்கிறார். (பெயர் வேண்டாம்)

அம்மா, இதைப் படித்து முடித்ததும் அவரைக் கிளம்பச் சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம். இனிப்புநீர் ஒரு பக்கம் கால் குழாயை அடைக்கிறது, சிகரெட் மறுபக்கம் அதே குழாயைச் சுருக்குகிறது. ரத்தம் போகாத இடத்தில் எந்தக் களிம்பும் வேலை செய்யாது. விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று வெட்டிக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். காலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவருக்கு இதயக் குழாயும் அதே லட்சணத்தில்தான் இருக்கும், அதனால்தான் பலர் அதற்குப்பின் அதிக வருடம் இருப்பதில்லை. அவர் கோபித்தாலும் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டுக்குள் பிடிப்பதில்லை, குளியலறையில் காற்றாடியைப் போட்டுவிட்டுத்தான். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதே? (சுங்கை டுவா, 38)

குளியலறை வீட்டுக்குள் இல்லையா? சாப்பாட்டுக் கடைகளில் 2019 ஜனவரி முதல் தடை, மூன்று மீட்டர் தள்ளித்தான் பிடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ரொட்டி சானாய் சாப்பிடும் அந்நியனுக்குக் கிடைக்கிற மரியாதையாவது உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.

61 வயது. இனி விட்டு என்ன பயன்? போன தடவை விட்டபோது இருமல் கூடியதுதான் மிச்சம். (ஜார்ஜ் டவுன்)

மேலே சொன்ன பிரிட்டிஷ் டாக்டர்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 30 வயதில் விட்டவர்கள் இழக்க இருந்த பத்து வருடத்தையும் கிட்டத்தட்ட முழுசாக மீட்டார்கள், 40ல் விட்டவர்கள் ஒன்பது, 50ல் ஆறு, 60ல் விட்டவர்கள் மூன்று. மூன்று வருடம் சும்மா கிடைக்கிறதென்றால் வேண்டாம் என்பீர்களா? நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகப் பத்து வருடம் பிடிக்கும், ஆனால் இதயம் அவ்வளவு காக்க வைக்காது, ஓரிரு வருடத்திலேயே மாரடைப்பு ஆபத்து நன்றாக இறங்கிவிடும்.

இருமல் கூடியது நல்ல அறிகுறிதான், முடங்கிக் கிடந்த மயிரிழைகள் எழுந்து குப்பையை வெளியே தள்ளுகின்றன. சில வாரம் பொறுங்கள். ரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ மட்டும் பொறுக்காதீர்கள். வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்காமல் அரசாங்கக் கிளினிக்குப் போங்கள், புகைப்பதை நிறுத்த உதவும் சேவை இருக்கிறது. நிகோடின் பட்டை கொடுத்தால் தினமும் வேறு இடத்தில் ஒட்டுங்கள், இல்லையென்றால் தோல் அரிக்கும். நிகோடின் கம் கொடுத்தால் சூயிங்கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே கோப்பி கூடாது, குடித்தால் நிகோடின் சரியாக ஏறாது, வேலை செய்யவில்லை என்று என்னைத் திட்டுவீர்கள்.