மூன்று வயதுப் பெட்டியும் இரண்டேகால் வயதுப் பையனும்

கேள்வி: என் தோழியின் மகனுக்கு இந்தக் கிறிஸ்துமஸ் அன்று இரண்டேகால் வயது ஆகியிருக்கும். அவனுக்குக் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பலகைகளான மேக்னடிக் டைல்ஸ் பெட்டி ஒன்று வாங்கித் தர ஆசைப்படுகிறேன். பெட்டியில் ‘3+’ என்று போட்டிருக்கிறது. பையன் வயதுக்கு மீறிய சுட்டி. கடைக்காரரும் “புத்திசாலிக் குழந்தை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்” என்கிறார். பார்வைக்கு அதே போன்ற பெட்டி இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பரிசோதனைச் சான்றிதழையும் காட்டுகிறார்கள். வாங்கலாமா? இல்லையென்றால் வேறு எதை வாங்குவது? அவனுக்கு ஆறு வயதில் ஓர் அக்காவும் இருக்கிறாள்.

பதில்: இந்த ஆண்டு வேண்டாம். பாதி விலைப் பெட்டி எந்த ஆண்டும் வேண்டாம். பொம்மைப் பரிசோதனைக்கூடத்தில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த இரண்டு பதில்களுக்கும் காரணம் வேறு வேறு என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கடைக்காரரின் வாக்கைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் இருக்கும் வயது, எந்தக் குழந்தைக்கு இந்த விளையாட்டு புரியும் என்பதை மட்டும் சொல்லும் எண் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் “என் பிள்ளை கெட்டிக்காரன்” என்ற பெருமிதத்தில் ஒரு வயதைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஆனால் மூன்று வயது என்ற அந்தக் கோடு போடப்பட்டது மூளைக்காக அல்ல, தொண்டைக்காக. கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அந்த வயதில் இன்னும் விட்டிருக்காது, கடைவாய்ப் பற்கள் முழுமையாக முளைத்திருக்காது, மூச்சுக்குழல் குறுகியது, அடைத்ததை இருமி வெளியே தள்ளும் வலுவும் குறைவு. இவற்றில் எதுவும் குழந்தையின் சுட்டித்தனத்தால் மாறிவிடாது. இன்னும் சொல்லப்போனால், துறுதுறுவென்று இருக்கும் குழந்தைதான் ஒரு பொருளைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும்.

இதை அளக்க எங்களிடம் ஓர் எளிய கருவி உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழாய். அதன் அடிப்பகுதி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மில்லிமீட்டரும் மறு பக்கம் 57.1 மில்லிமீட்டரும் இருக்கும். பொம்மையோ அதிலிருந்து உடைந்து விழுந்த துண்டோ அழுத்தாமலேயே அந்தக் குழாய்க்குள் முழுவதுமாக அடங்கிவிட்டால், மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அந்தப் பொம்மை ஆகாது. உங்கள் வீட்டில் இந்தக் கருவி இருக்காது. டாய்லெட் பேப்பர் சுற்றிவந்த அட்டைக் குழல் இதைவிடச் சற்றே அகலமானது என்பதால் அதையே பயன்படுத்தலாம், அதற்குள் நுழைவது எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்துக்கு இன்னும் கடுமையான அளவு உண்டு: 44.4 மில்லிமீட்டர் வளையத்தின் வழியே நழுவிப்போகும் பந்தை அமெரிக்க விதி இந்த வயதினருக்கு அனுமதிப்பதில்லை, ஏனென்றால் உருண்டையான பொருள் தொண்டையை இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும்.

மேக்னடிக் டைல்ஸ் கைக்கு அடக்கமான பெரிய சதுரங்களும் முக்கோணங்களும்தானே, அவை எப்படித் தொண்டைக்குள் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அபாயம் அந்தப் பலகையில் இல்லை, அதன் ஓரச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு காந்தங்களில் இருக்கிறது. பிளாஸ்டிக் விரிசல் விட்டால் அவை உதிர்ந்து வெளியே வரும். ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால், அல்லது ஒரு காந்தத்தையும் ஓர் இரும்புத் துண்டையும் விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு அவை ஒன்றையொன்று இழுத்துக் குடல் சுவரை நடுவில் வைத்து நசுக்கும். இரத்த ஓட்டம் நின்று அந்த இடத்தில் துளை விழும். முதல் நாள் வெறும் வயிற்றுவலியும் வாந்தியுமாகத்தான் தெரியும் என்பதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால்தான் அசலான, நன்றாகச் செய்யப்பட்ட பெட்டியாக இருந்தாலும் பையனுக்கு மூன்று வயது முடியட்டும் என்கிறேன்.

இனி அந்தப் பாதி விலைப் பெட்டி. நல்ல தயாரிப்பாளர் பலகையின் இரு பாதிகளையும் ஒலி அதிர்வால் உருக்கி ஒன்றாக்கி, பல சமயம் மூலைகளில் சிறு உலோக ரிவிட்டுகளும் அடித்திருப்பார். நகல் செய்பவர் மலிவான பிளாஸ்டிக்கைப் பசையால் ஒட்டி முடித்துவிடுவார். இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். பரிசோதனைக்கூடத்தில் வித்தியாசம் தெரிய இரண்டு நிமிடம் போதும்: ஐரோப்பியத் தரநிலையின்படி பொம்மையை 85 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின் மேல் ஐந்து முறை போட வேண்டும். ஒரு முறை மலிவுப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த முக்கோணத்தை நானே போட்டுப் பார்த்தேன். மூன்றாவது முறை விழுந்தபோது ஓரம் பிளந்துகொண்டது. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு காந்தம் தெறித்து ஓடி, எஃகுத் தகட்டின் விளிம்பில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. 85 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சமையலறை மேடையின் உயரம். உங்கள் தோழியின் மகன் எதையும் அந்த உயரத்திலிருந்து போடுவதை ஒரு நாளைக்கு ஐந்து முறையோடு நிறுத்திக்கொள்வான் என்று நான் நம்பவில்லை.

“சான்றிதழ் காட்டுகிறார்களே” என்கிறீர்கள். என் பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான். இணையத்தில் பொருளை விற்பவர் பெரும்பாலும் அதைத் தயாரித்தவர் அல்லர். எங்கிருந்தோ மொத்தமாக வாங்கிப் பெட்டியை மாற்றி விற்கும் இடைத்தரகர். அவர் காட்டும் தாள் வேறு ஏதோ ஒரு பொருளுக்கு, வேறு ஏதோ ஒரு ஆண்டில் வாங்கியதாக இருக்கலாம். என்னிடம் ஒரு விற்பனையாளர் அனுப்பிய அறிக்கையில் மாதிரியின் படமாக ஒரு மரப்புதிர் இருந்தது. அவர் விற்றது பேட்டரியில் ஓடும் நாய். இன்னொரு தந்திரம் இதைவிட நுட்பமானது. ஐரோப்பியப் பொம்மைத் தரநிலையான இ.என். 71 பல பாகங்களைக் கொண்டது: முதல் பாகம் உடைவது, கழல்வது, கூர்மை ஆகியவற்றைப் பார்க்கிறது, இரண்டாம் பாகம் தீப்பற்றுவதையும் மூன்றாம் பாகம் ஈயம், காட்மியம் போன்ற நச்சுத் தனிமங்கள் கசிவதையும் பார்க்கின்றன. இரண்டாம் பாகத்தில் மட்டும் தேறிய ஒரு தாளை எடுத்து “இ.என். 71 தேர்ச்சி” என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். எளிதில் தீப்பற்றாத பொம்மைதான், ஆனால் காந்தம் உதிர்கிறதா என்பதை யாரும் பார்க்கவில்லை. சான்றிதழ் காட்டப்பட்டால் மூன்றை மட்டும் பாருங்கள்: பொருளின் மாடல் எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, படம் அதே பொருளா, முதல் பாகம் இருக்கிறதா. மாடல் எண் இருக்கும் இடம் மங்கலாக்கப்பட்டிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ஐரோப்பாவின் ‘சி.இ.’ முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஏதோ அரசு அதிகாரி பார்த்துக் குத்திய முத்திரை என்று மக்கள் நம்புகிறார்கள். பெரும்பாலான பொம்மைகளுக்கு அது, தரநிலைகளைப் பின்பற்றியிருக்கிறேன் என்று தயாரிப்பாளர் தாமே தமக்குக் கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. நேர்மையான நிறுவனத்தின் கையில் அதற்கு மதிப்புண்டு. முகவரியே இல்லாத விற்பனையாளரின் பெட்டியில் அது வெறும் மை. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும் இல்லாவிட்டால் வேறு எந்த முத்திரை இருந்தும் பயனில்லை. ஒரு விற்பனையாளரின் மேல் புகார் கொடுத்து அந்தப் பக்கத்தை நீக்க வைத்தால், அடுத்த வாரமே அதே பொருள் வேறு பெயரில் அதே படத்தோடு முளைத்துவிடுகிறது என்பதையும் பல முறை பார்த்துவிட்டேன்.

வயது எண்ணிலும் ஏமாற்று உண்டு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான பரிசோதனைகள் கடுமையானவை என்பதால், கைக்குழந்தையின் கிலுகிலுப்பையின் மேல்கூட ‘0-3’ என்று எழுதிக் கோடு போட்ட சிவப்பு வட்டத்தை, அதாவது மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஆகாது என்ற குறியை ஒட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய விதி இதைத் தடுக்கிறது, தடுத்தும் நிற்கவில்லை. இன்னும் துணிந்தவர்கள் வலுவான காந்த உருண்டைகளின் மேல் ‘14+’ என்றோ ‘இது பொம்மை அல்ல’ என்றோ போட்டு, அதைப் பொம்மைக் கடைப் பக்கத்திலேயே வைத்து விற்கிறார்கள். தண்ணீரில் ஊறிப் பல மடங்கு பெருக்கும் ஜெல் மணிகளும் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன. விழுங்கினால் அவை குடலுக்குள்ளும் பெருக்கும். எந்த வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அவற்றை வாங்கிச் செல்லாதீர்கள்.

அப்படியானால் என்னதான் வாங்குவது? என் ஆலோசனை: தடிமனான கிரேயான்களும் ஒரு பெரிய காகிதச் சுருளும். இதைச் சொன்னதும் “குழாய்க்குள் நுழைவது எதுவும் வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், கிரேயான் அதற்குள் நுழையுமே” என்று கேட்பீர்கள். எத்தனையோ பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். ஆம், நுழையும், உடைந்தால் இன்னும் நன்றாகவே நுழையும். இருந்தும் அந்தக் குழாயை அளவாகக் கொண்ட அமெரிக்கச் சிறுபாக விதி கிரேயான், சாக்பீஸ், களிமண், காகிதம் போன்றவற்றுக்கு வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. உடையாத கிரேயான் என்று ஒன்றைச் செய்தால் அது எழுதாது, தேயத்தான் வேண்டும் என்பதால், பயன்பாட்டுக்கு அவசியமான தன்மையைக் குற்றமாக்க முடியாது என்பதே இந்த விலக்கின் அடிப்படை. மெழுகுத் துண்டு வாயில் மசிந்து நொறுங்குவது. கண்ணாடிக் கோலியைப் போல உறுதியாக அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் இந்த விலக்கை நீட்டி வாசித்துவிடக் கூடாது. முதலாவது, இதே விலக்குப் பட்டியலில் பலூனும் இருக்கிறது. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் படலமாக ஒட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும், ஆகவே பட்டியலில் இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை. இரண்டாவது, விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் கிரேயான், பழம் போலவும் மிட்டாய் போலவும் வார்த்த கிரேயான் ஆகியவை வேண்டாம். சாப்பிடு என்று குழந்தையிடம் சொல்வது போன்ற வடிவம் அது. மூன்றாவது, ஸ்கெட்ச் பேனா கிரேயான் ஆகாது. அதன் மூடி தனிப் பிரச்சினை, நல்ல மூடிகளில் காற்றுப் போக ஓட்டை விட்டிருப்பார்கள், எல்லா மூடியும் நல்ல மூடி இல்லை. நான்காவது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் தோழிக்கு நேரம் இல்லாவிட்டால், இருக்கவே இருக்கிறாள் அக்கா; அவளுக்கும் அதே காகிதச் சுருளில் பாதி உண்டு என்றால் இன்னும் நல்லது.

அக்காவைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. “தம்பிக்கு வேண்டாமென்றால் டைல்ஸை அக்காவுக்குக் கொடுத்துவிடுகிறேன்” என்ற யோசனை உங்களுக்கு வரலாம். ஒரே தரையில் விளையாடும் இரண்டு குழந்தைகளில் இளையவனின் வயதுதான் அந்த வீட்டின் வயது. அவளுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள்.

கிரேயான் வேண்டாம், பொம்மையாகவே கொடுக்க வேண்டும் என்றால் பெரிய மரக்கட்டைகள், கெட்டி அட்டைப் புத்தகம், கண்கள் நூலால் தைக்கப்பட்ட துணிக்கரடி ஆகியவை நல்லவை. பிளாஸ்டிக் கண் வைத்த கரடியும் மோசம் என்று சொல்ல மாட்டேன். பரிசோதனையில் அந்தக் கண்ணை இடுக்கியில் பிடித்து 90 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமாகப் பத்து விநாடி இழுப்போம். கடையில் நீங்கள் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து ஒரு திருகு திருகிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கடைசியாக, பரிசோடு சேர்த்து நீங்கள் கொண்டுபோகும் மற்ற சாமான்கள். திறந்தால் பாட்டுப் பாடும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் மினுக்கும் மின் மெழுகுவர்த்தியும் பட்டன் பேட்டரியில் ஓடுபவை. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்தில் கடும் காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தசையை அரித்துவிடும். பொம்மையாக இருந்தால் அந்தப் பேட்டரி அறையைக் குழந்தை எளிதில் திறக்க முடியாதபடி மூடியே ஆக வேண்டும். ஆனால் 2009-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்பு உத்தரவு, பண்டிகை அலங்காரப் பொருள்கள் பொம்மைகளே அல்ல என்று தன் இணைப்பின் முதல் வரியிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறது. பனிமனிதனின் முகம் வரைந்து, மூக்கில் விளக்கு எரிந்தால் இரண்டு வயதுக் குழந்தை அதைப் பொம்மை என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைக்கும் என்பதை அந்த வரியை எழுதியவர்கள் எனக்கு ஒரு நாள் விளக்கினால் நன்றாக இருக்கும். வாழ்த்தை ஒரு சாதாரண அட்டையில் பேனாவால் எழுதுங்கள். பாட்டு அட்டைதான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், உட்புற ஒட்டுத்தாளைப் பிரித்துப் பேட்டரியை எடுத்து, அதன் இரு பக்கத்தையும் டேப்பால் சுற்றி மின்கழிவில் சேர்த்துவிட்டு, பாடாத அட்டையைக் கொடுங்கள்.